நான் குடிக்காத உன் வைன்

என் பிள்ளைக்கு,

இதை உனக்கு மட்டும் தபாலில் போட்டிருக்கலாம். போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பாய், ஓரிடத்தில் அழுவாய், பிறகு மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு நீ நினைத்ததையே செய்வாய். இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டால் என் பக்கம் கையைக் காட்டுவார். ஆகவே இதை எங்கள் சங்கப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். வெம்பிளியில் இருக்கிற உன் சித்தியும் வாசிக்கட்டும். கோயிலில் என்னோடு இருந்து தேவாரம் பாடுகிறவர்களும் வாசிக்கட்டும். இத்தனை பேர் வாசித்த பிறகும் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு, ஸ்ட்ரெதமில் இருக்கிற எங்கள் வீட்டில் வந்து இறங்கினால், வெட்கப்படப் போவது நானில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் ஒழுங்கான மறுமொழி சொல்லவில்லை. "அம்மா, நான் வந்திடுறன். இந்த வருசப் பழத்தை ஆஞ்சு முடிச்சிட்டு, தோட்டத்தை மதாமிட்டத் திருப்பிக் குடுத்திட்டு வாறன். அப்பாவுக்கும் முழங்கால் இப்பிடி. கடையை இனி நான் பாக்கிறன்" என்றாய். நான், "சரி பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'யை நீ சம்மதம் என்று எடுத்திருப்பாய். அது சம்மதமில்லை. வாய்க்கு வந்த ஒரு சொல், அவ்வளவுதான். அப்பா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடந்தார். போனை வைத்த உடனேயே கண்ணைத் திறந்து, "என்னவாம்?" என்றார். சொன்னேன். "அவளுக்கென்ன விசரோ?" என்றார். சுருக்கமாகச் சொன்னால் அதுதான் எங்கள் இரண்டு பேருடைய மறுமொழியும். மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ எங்களுக்கு ஒரே பிள்ளை. பிரான்ஸில் லுவார் என்கிற பெரிய ஆற்றின் கரையில், ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தை எடுத்து வைன் செய்கிறாய். தோட்டத்துக்குச் சொந்தக்காரி, நீ மதாம் என்று கூப்பிடுகிறவர், முதலில் ஒரு வருடம் செய்து பார் என்று விட்டார். செய்து காட்டினாய். இப்போது நீண்ட காலக் குத்தகைக்குத் தருகிறேன் என்கிறார். இந்த மாதம் முடிவதற்குள் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் நீ அங்கேதான். வைக்காவிட்டால் அது பக்கத்துத் தோட்டக்காரரிடம் போய்விடும். இங்கே நாங்கள் ஓஃப் லைசன்ஸ் கடை வைத்திருக்கிறோம், பியரும் வைனும் விஸ்கியும் விற்கிற கடை. ஆனால் நானும் அப்பாவும் சிவதீட்சை எடுத்தவர்கள். மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை, மதுவும் இல்லை. நாங்கள் விற்கிற பொருளில் ஒரு சொட்டு எங்கள் நாக்கில் பட்டதில்லை. உன்னுடையதும் படவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் வந்த கதை எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அம்மா, குடிக்காமல் எப்பிடி விக்கிறீங்கள்?" என்று கேட்பாய். ஒரு வித்தையும் இல்லை. ஒரு ஆள் வந்து ஒரு போத்தலைப் பற்றிச் சொன்னதை அடுத்த ஆளுக்குச் சொல்வேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன். எதைச் சொன்னாலும் முன்னுக்கு, 'குடித்தவர்கள் சொல்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் ஒன்று போட்டுவிடுவேன். குடித்தவர்கள் சொல்கிறார்கள், இது மீனுக்கு நல்லது. குடித்தவர்கள் சொல்கிறார்கள், இதை முதலில் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். எங்கள் வெள்ளிக்கிழமைப் பெண்மணியை உனக்கு ஞாபகம் இருக்கும், வீட்டுக்குள்ளும் தொப்பி கழற்றாதவர் என்று நீ சொல்லிச் சிரிப்பாயே, அவர்தான் எனக்குக் கிடைத்த பெரிய வாத்தியார். வெள்ளி பின்னேரம் ஒரு போத்தல் எடுப்பார். அடுத்த வெள்ளி வந்து, கேட்காமலே, அது எப்படி இருந்தது என்று விரிவாகச் சொல்வார். அவர் சொன்னதை நான் கிழமை முழுவதும் விற்பேன். ஒரு நாள், தான் சொன்ன சொல்லையே தனக்கு நான் திருப்பிச் சொன்னதைக் கண்டுபிடித்துவிட்டார். கோபிக்கவில்லை. அன்றிலிருந்து புதுப் போத்தல் ஒன்றை எடுத்தால், "குடித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று என்னைச் சீண்டிக்கொண்டே கேட்பார்.

உன் கதை அந்தக் கடையின் தரையில்தான் தொடங்கியது. பள்ளிக்கூட உடுப்போடு காசுப்பெட்டிக்குப் பின்னால் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாய். ஒருவருடைய பை கிழிந்து, வூவ்ரே என்கிற ஊரின் வெள்ளை வைன் போத்தல் விழுந்து சிதறியது. நான் வாளியோடும் பிளீச்சோடும் ஓடி வந்தேன். "அம்மா, பிளீச் ஊத்தாதேங்கோ, கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நீ அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டாய். "தேன் மணக்குது. பிறகு மழை பெய்ஞ்ச சுவர் மணக்குது. ரெண்டும் எப்பிடி அம்மா ஒண்டுக்குள்ள இருக்கு?" என்று கேட்டாய். "கண்ணாடி குத்தும், தள்ளி நில்" என்றேன். உன் வாழ்க்கையைத் திருப்பிய கேள்விக்கு உன் தாய் சொன்ன மறுமொழி அது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். தரை துடைக்க வந்தவளிடம் கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு, பிரான்ஸுக்குப் போய்த் தோட்டத்தில் வேலை செய்யப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அங்கை குளிருக்கு நல்ல சப்பாத்து வேணும்" என்றார். அவருடைய ஆசீர்வாதம் அப்படித்தான் வரும். போவதற்கு முதல் நீ எங்களுக்கு ஒரு வேலை செய்து வைத்துவிட்டுப் போனாய். ஒரு மட்டைப்பெட்டியைக் கிழித்து, கறுத்த பேனையால் அந்த ஆற்றைக் கீறி, கடையின் வைன் தட்டையும் அதே ஒழுங்கில் அடுக்கினாய். கதவடியில் கடல். அங்கே மெலோன் என்கிற பழம், லேசான வைன், சிப்பிக்கும் மீனுக்கும் எடுப்பார்கள். அதிலிருந்து உள்ளே வரவர நடு ஆறு. சிவப்புக்கு கபர்னே பிராங், வெள்ளைக்கு ஷெனான். இன்னும் மேலே போனால் சோவினியோன், சன்சேர் என்று பேர் போட்ட போத்தல்கள். அதற்கும் மேலே ஆறு பிறக்கிற மலை. அந்த இடத்தில் எங்கள் காசுப்பெட்டி நின்றது. "ஆறு எங்கட காசுப்பெட்டியில இருந்துதான் வருது எண்டு சொல்லு, உன்ர படிப்புக்கு அது சரிதான்" என்று அப்பா பகிடி விட்டார். நீ ஷெனான் நிற்கிற இடத்தில் கையை வைத்து, "இந்த ஒரு பழம்தான் அம்மா, புளிப்பாயும் வரும், தேன் மாதிரியும் வரும், நுரைச்சும் வரும். எல்லாம் எப்ப ஆயிறம் எண்டதிலதான் இருக்கு" என்றாய். மற்றப் பழங்களைச் சொல்லும்போது படித்ததைச் சொல்கிற குரல். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் வேறு. நான் கவனித்தேன். தாய்க்கு வைன் தெரியாவிட்டாலும் அது தெரியும்.

பிறகு நான் உன்னைப் பற்றிச் சொல்லாத இடமில்லை. கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போதும் சொல்வேன். ஒருவர் முகத்தைச் சுழித்து, "வைனோ? எங்கட சைவப் பிள்ளையோ?" என்று கேட்டார். "உங்கட மருமகன் பெற்றோல் செட் வைச்சிருக்கிறார். அவர் பெற்றோல் குடிக்கிறவரோ?" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பாவம், அந்த மனிசி அன்றைக்குப் பாயசம் வாங்காமலே போய்விட்டார். உனக்கு அது பிடிக்கவில்லை. "கோயிலில அதைச் சொல்லாதேங்கோ அம்மா" என்று எத்தனை தரம் சொன்னாய். மற்றப் பிள்ளைகள் தாய் தங்களைச் சொல்லவில்லை என்று கவலைப்படும். நீ, தாய் சொல்லுகிறாள் என்று கவலைப்பட்டாய். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு நீ கொண்டுவந்த ஒரு போத்தல்தான் விளங்க வைத்தது.

உன் முதலாளிமார் உன்னை நம்பி ஒரு சின்னப் பீப்பாவைத் தந்து, கபர்னே பிராங் பழத்தில் நீயே தனியாக ஒரு வைன் செய் என்று விட்டார்கள். நீ செய்த முதல் வைன். அதில் ஒரு போத்தலை எங்களிடம் கொண்டுவந்து, "குளிரான, இருட்டான இடத்தில படுக்க வையுங்கோ. அடுத்த வருசம் நான் வந்து திறப்பன்" என்றாய். நீ அங்கால் போக, அப்பா அதை நேரே மாடிக்குக் கொண்டுபோனார். எங்கள் வீட்டில் எதுவும் முதலில் சாமிக்குத்தான். உன் பரீட்சை முடிவு, முதல் காரைத் திறக்கிற திறப்பு, முதல் சம்பளம், எல்லாம் அங்கே இருந்து எழும்பினவைதான். "இஞ்சேருங்கோ, வைனை எப்பிடிச் சாமிக்கு முன்னால வைக்கிறது?" என்று கேட்டேன். "நான் சாமியைக் குடிக்கச் சொல்லேல்லையே. பாக்கட்டும்" என்றார். போத்தலுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். எங்கள் சாமித்தட்டு பொயிலர் இருக்கிற அலுமாரிக்குள்தான் என்பது உனக்குத் தெரியும். கீழே சுடுதண்ணித் தாங்கி, மேலே காலையும் மாலையும் விளக்கு. ஒரு வருடம் முழுக்க உன் வைன் அங்கே நின்று வெந்தது. நான் ஒவ்வொரு நாளும் அதற்குப் பூ வைத்தேன்.

நீ வந்தாய். போத்தலைக் கையில் எடுத்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டது. தக்கை பாதி வெளியே வந்திருந்தது. கோப்பையில் ஊற்றினால் பால் விடாத பிளேன் ரீயின் நிறம், கருகின ஜாமின் மணம். நீ கோபிப்பாய் என்று பார்த்தேன். முதலில் சிரித்தாய். சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாய். பிறகு குரல் மாறியது. "கும்பிட்டனீங்கள் அம்மா. கவனிக்கேல்லை" என்றாய். அப்பா ஏதோ சொல்ல வர, நீ விடவில்லை. "கோயிலில எல்லாருக்கும் சொல்லுறியள். நான் டொக்டராய் இருந்தாலும் இப்பிடித்தான் சொல்லியிருப்பியள். நான் என்ன செய்யிறன் எண்டு உங்களுக்குத் தெரியாது." நான், "என்னைக் குடிக்கச் சொல்லுறியோ?" என்று கேட்டேன். "இல்லை. அதை நான் ஒரு நாளும் கேக்க மாட்டன்" என்றாய். கேட்டிருந்தால் எனக்குச் சுலபம். ஏலாது என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போயிருப்பேன். நீ கேட்கவில்லை என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. என் பிள்ளை தன் முழுக் கெட்டித்தனத்தையும் ஒரு பொருளுக்குள் வைத்து மூடுகிறாள், எனக்கோ அதைத் திறக்க வழியில்லை. கிழமைக்கணக்காக எனக்கு அதே யோசனை. கடைசியில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் யோசனை வந்தது. வைனைத்தானே தொட மாட்டேன்? பழத்துக்கு என்ன குறை?

அப்படித்தான் போன ஒக்டோபரில் நாங்கள் கடையைப் பூட்டிவிட்டு உன் அறுவடைக்கு வந்தோம். நீ தோட்டத்தைப் பொறுப்பெடுத்த முதல் வருடம். அப்பா தோட்டத்தைக் கண்டவுடன் ஏமாந்துபோனார். "இது என்ன முந்திரிகை, இடுப்பளவுக்கு நிக்குது? பந்தல் எங்கை?" என்று கேட்டார். திராட்சையை அவர் இன்னும் முந்திரிகை என்றுதான் சொல்வார். நீ என்னை வரிசைக்குள் கூட்டிக்கொண்டு போய், ஷெனான் குலையில் இருந்து ஒரு பழத்தைப் பிடுங்கித் தந்தாய். கடித்தேன். புளிப்பு காது வரை இழுத்தது. தோல் தடிப்பு. "தோலைத் துப்பலாம் அம்மா" என்றாய். "சாப்பாட்டைத் துப்பிற பழக்கம் எங்கட வீட்டில இல்லை" என்றேன். நீ விதையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாய். பச்சையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கு, மண்ணிறமாகிப் பல்லில் நொறுங்கினால் தயார் என்றாய். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் நீ முன்னால், நான் பின்னால், பழம் கடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தோம். இரண்டாம் நாளும் புளிப்புத்தான். மூன்றாம் நாள் புளிப்புக்குப் பின்னால் ஏதோ எட்டிப் பார்த்தது. "கொஞ்சம் மாறியிருக்கு" என்றேன். நீ நின்று என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகவே வந்த செலவு சரி.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கரையில் வந்து நின்றார். வியாழக்கிழமை மழை என்றார். தான் மெசினை விட்டு எல்லாவற்றையும் ஆய்ந்து முடித்துவிட்டாராம், உனக்கும் மெசினைத் தருகிறாராம். நல்ல மனிதர், உதவியாகத்தான் கேட்டார். ஆய்ந்தால் பழம் கைக்கு வந்துவிடும், ஆனால் புளிப்பு முழுதாக இறங்கியிருக்காது. விட்டால், மழையில் அழுகினால் ஒரு வருட உழைப்பும் மண்ணுக்குத்தான். நீ சீனி அளக்கிற கருவியைப் பார்த்தாய், வானத்தைப் பார்த்தாய், இன்னொரு பழத்தைக் கடித்தாய். மதாம் அங்கேதான் நின்றார், அவரிடமும் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் உனக்குப் பின்னால் நின்றோம். சின்ன வயதில் எந்த முடிவென்றாலும், சப்பாத்து வாங்குவதென்றாலும், ஒருக்கால் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாய். அன்றைக்கு நீ திரும்பிப் பார்க்கவில்லை. பிரெஞ்சில் அவருக்கு ஏதோ சொன்னாய். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். பிறகு எங்களுக்குத் தமிழில், "நான் காத்திருக்கப் போறன்" என்றாய். அவ்வளவுதான். அப்பா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "குரோய்டனில குடிவரவு ஒபிஸ் வாசலில விசாவுக்கு நிண்டதை விடவோ? காத்திருக்கட்டும்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று என்று சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நீ வேலையில் இருந்தாய் என்பதால் சும்மா நின்றேன்.

மழை சொன்னபடி வந்தது. இரண்டு நாள் நீ ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் அவித்த புட்டைக் கோப்பையோடு வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றாய். மூன்றாம் நாள் காற்றுக் கிளம்பி எல்லாவற்றையும் உலர்த்தியது. அங்கங்கே குலைகள் அழுகித்தான் இருந்தன. அவற்றை வெட்டி நிலத்தில் போடும்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை. மிச்சத்தை நீ ஒரேயடியாக ஆயவிடவில்லை. தயாரான குலையை மட்டும் கையால் ஆய்ந்து, சில நாள் விட்டு, திரும்பவும் அதே வரிசைக்குள் போக வைத்தாய். எனக்கும் ஒரு கத்தரிக்கோல் தந்தாய். பிழையான குலையை வெட்டியபோது, "அது நாளையிண்டைக்கு, அம்மா" என்று, வேலைக்கு வந்த மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாய். மகள் தாயை வேலை வாங்குகிறாள் என்று அப்பா சிரித்தார். எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. முதலில் ஆய்ந்த குலையை உன்னிடம் கேட்டு வாங்கி, அறைக்குக் கொண்டுபோய், கைப்பைக்குள் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டோம். பிறகு மூன்று பேரும் அதைப் பிரசாதமாகச் சாப்பிட்டோம். நீயும் சாப்பிட்டாய். இந்த முறை பிள்ளையாரோடு அலுமாரிக்குள் வைத்து அவிக்கவில்லை என்பதால் உனக்குக் கோபமில்லைப் போல.

இப்போது உன் ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். அப்பாவின் முழங்கால் நன்றாகத்தான் ஆறுகிறது. ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த பயிற்சியைச் செய்யச் சொன்னால் நோகிறது என்பார், கிரிக்கெட் பார்க்க மட்டும் கெதியாகப் படி இறங்கி வருவார். கடையை இனி எட்டு மணிக்குப் பூட்டுகிறோம். பின்னேரத்தில் நிற்க இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெண் வருகிறார், நம்பிக்கையான ஆள். இன்னும் சில வருடம் ஓடும். ஓடாவிட்டால் விற்போம். அதற்கு நீ கவலைப்படாதே. நாங்கள் அந்தக் கடையைத் திறந்தது, நீ ஒரு நாள் வந்து அதற்குள் நிற்க வேண்டும் என்றில்லை. நீ எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்பதற்காகத்தான் நாங்கள் அதற்குள் நின்றோம். நீ திரும்பி வந்து எங்கள் இடத்தில் நின்றால், நாங்கள் நின்றதற்கு என்ன அர்த்தம், சொல்லு?

எங்களுக்கு வயது போகிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஏதாவது ஒன்று என்றால் கூப்பிடுவோம், நீ விடியப் புறப்பட்டால் பின்னேரம் இங்கே நிற்பாய். ஆனால் நடக்காத ஒன்றுக்காக இப்போதே வந்து குந்தாதே. அங்கே இருக்கிறபோது சில காரியம் கவனி. மத்தியானம் வெறும் பாண் துண்டைக் கடித்துவிட்டு வேலைக்கு ஓடாதே. மதாமுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே போய்க் கதைத்துவிடு, ஆறப்போடாதே. யாரோ இனிப்பாகக் கேட்கிறார்கள் என்று உன் வைனை இனிப்பாக்காதே. ஒரு வருடம் மழை உன்னை ஏமாற்றும், முழுக்க அழுகும். அந்த வருடமும் எங்களுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்லு. நல்ல வருடத்துக்கு மட்டும் நாங்கள் தாய் தகப்பன் இல்லை. அன்றைக்கு வேலிக்கரையில் நீ எங்களைத் திரும்பிப் பார்க்காமல் முடிவெடுத்தாய். என் வாழ்க்கையில் நான் பெருமைப்பட்ட நாளை எடு என்றால் அந்த நாளைத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவள் இப்போது ஏன் திரும்பிப் பார்க்கிறாய்?

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தக் கிழமை உன் பெட்டிகள் வந்து சேர்ந்தன. போன ஒக்டோபரில் நான் கடித்த பழம், போத்தலுக்குள். அப்பா கதிரையில் இருந்தபடியே தடியால் காட்டிக் காட்டி, நீ கீறின ஆற்றின் நடுவில் இடம் ஒதுக்க வைத்தார். ஷெனான் நிற்கிற இடம், கண்ணுக்கு நேரான தட்டு. ஒரு போத்தலையும் மாடிக்குக் கொண்டுபோகவில்லை, பயப்படாதே. நேற்று வெள்ளிக்கிழமை. அந்தப் பெண்மணி தொப்பியோடு வந்தார், தட்டைப் பார்த்தார், புதுசைக் கண்டுபிடித்து எடுத்தார். பேரை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், அது எங்கள் பேர் என்று அவருக்குத் தெரியும். வழக்கம் போல, "குடித்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"குடித்தவர்களை விடுங்கள், இதை நானே சொல்கிறேன்" என்றேன். சொன்னேன். முதல் நாள் கடித்தபோது புளிப்பு காது வரை இழுத்தது என்றேன். மூன்றாம் நாள் புளிப்புக்குப் பின்னால் ஏதோ எட்டிப் பார்த்தது என்றேன். மழைக்குப் பிறகு, என் மகள் சரி என்று சொன்ன அன்று கடித்தபோது, முதலில் புளிப்பு வந்து வாயைத் திறந்தது, பிறகு தேன் மாதிரி ஒன்று வந்தது, வரிசையின் முடிவுக்கு நடந்து போகும் வரைக்கும் அது போகவில்லை என்றேன். ஒரு வரிசை என்றால் எவ்வளவு நீளம் என்று கேட்டார். எங்கள் கடையில் இருந்து பஸ் தரிப்பு வரை என்றேன். அவர் திரும்பவும் தட்டடிக்குப் போனார். பிறகு இன்னொரு போத்தலையும் எடுத்து வைத்தார்.

போகும்போது கதவடியில் நின்று, "அடுத்த வருடமும் வருமா?" என்று கேட்டார். உன்னைக் கேட்காமல், அப்பாவைக் கேட்காமல், வரும் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் வாயில் வைக்காத பொருளை விற்றும் நான் அந்த மனிசிக்கு ஒரு பொய் சொன்னதில்லை. கையெழுத்தை வை பிள்ளை. இந்த முறை அப்பாவால் வர முடியாது, நான் தனியாக ரயில் ஏறி வருகிறேன். பழம் எந்த அளவில் இருக்கிறது என்று கடித்துப் பார்க்க வேண்டும். நீ அங்கேயே நில்.

உன் அம்மா